விசையும் ஒளியும்

பொருள்களைக் கண்ணாற் கண்டு வாங்குதல் உலகியல்பு. ஆயின் விசைப்பலகை என்னும் பொருளை அவ்வாறு வாங்குதல் தகாது என்பதும், விரலாலும் செவியாலும் ஆராய்ந்தே அதனைக் கொள்ளல் வேண்டும் என்பதும் எம் கொள்கை. அக்கொள்கையை ஈண்டுச் சிறிது விரித்தெழுதப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு ஆட்டக்கருவியைப்பற்றிய ஆராய்ச்சி எற்றுக்கு என்று எம் ஆசிரியருள் ஒருவரேனும் புன்முறுவல் பூப்பர் என்பதை அறிவோம். கட்டுரையின் பிற்பகுதியில் தொல்காப்பியனாரும் வரவிருக்கின்றார். அதுகாறும் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

எம் அண்ணன் புனே நகரில் வேலை பார்ப்பவர். ஞாயிறுதோறும் இரவு ஒன்பது மணிமுதல் பத்தரை வரையில் அவரும் யாமும் இணையத்தின் வழியே ‘கவுண்டர்-ஸ்ட்ரைக் 2’ என்னும் ஆட்டம் ஆடுவது வழக்கம். 2023-ஆம் ஆண்டில் வால்வு நிறுவனத்தார் வெளியிட்ட இவ்வாட்டத்தில் ஐவர் ஓரணியாகவும் ஐவர் மற்றோரணியாகவும் நின்று துப்பாக்கி கொண்டு பொருவர். இதனை வீண்பொழுது என்பாரும் உளர். அவர்க்கு யாம் கூறக்கூடியது ஒன்றே. தொலைபேசியில் எம்மிருவர்க்கும் பேச்சு வருவதில்லை. “சாப்பிட்டாயா தம்பி?” “சாப்பிட்டேன் அண்ணா” என்பதோடு அது முடிந்துபோம். கைக்கு வேலையிருந்தால்தான் வாய் திறக்கின்றது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் கண்டது, வீட்டின்மேல் வாங்கிய கடனில் எத்துணை அடைந்தது, அண்ணன் வேலை மாற நினைத்திருப்பது ஆகிய இவையெல்லாம் யாம் அறிந்தது, ஒரு சுற்று முடிந்து மறு சுற்றுத் தொடங்குமுன் கிடைக்கும் சில நொடிகளிலேதான்.

அண்ணன் தாம் பயன்படுத்தி எமக்கு அளித்த மடிக்கணினியின் விசைகளோ தளர்ந்துவிட்டன. முன்னும் இடமுமாக ஓடிக்கொண்டே வேறொரு விசையைத் தொட்டால் அது பதியாது நிற்கும். சென்ற கிறிஸ்துமஸுக்கு அவர் ஐயாயிரம் ரூபாய் அனுப்பி, “சட்டை வேண்டாம், நல்ல மெக்கானிக்கல் கீபோர்டாகப் பார்த்து வாங்கு. வெளிச்சத்தைப் பார்த்து மயங்கிவிடாதே, விரலை வைத்துப் பார்” என்று எழுதினார்.

முன்னர்க் கூறிய பதியாமைக்குக் காரணம் அறியத்தக்கது. விசையொன்றுக்குத் தனிக்கம்பி ஒன்றென அமைப்பின் கம்பிகள் காடுபோல் ஆகிவிடும். ஆதலின் நெசவிலே பாவும் ஊடும் போலக் கம்பிகளை நெடுக்கும் குறுக்குமாக வைத்து, அவை சந்திக்குமிடந்தோறும் ஒரு விசையை வைக்கின்றனர். எந்தப் பாவும் எந்த ஊடும் தொட்டன என்று கணினி மிகவிரைவாக மாறிமாறிப் பார்த்து இன்ன விசை என்று துணிகின்றது. ஒரே வேளையில் மூன்று விசைகள் ஒரு கட்டத்தின் மூன்று மூலைகளில் அமைந்துவிடின், மின்னோட்டம் பின்வழியாகச் சுற்றிவந்து, அழுத்தாத நான்காம் மூலையையும் அழுத்தியதுபோலக் காட்டும். அப்பேய்த்தோற்றத்தை அஞ்சி, மலிந்த பலகைகள் அந்நிலையில் மேற்கொண்டு வரும் விசையையே ஏற்க மறுத்துவிடுகின்றன. நல்ல பலகையில் ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு டையோடு உண்டு. அஃது ஒருவழிக் கதவு; மின்னோட்டம் திரும்பிவர இயலாது. பத்து விரலையும் ஒருங்கே வைத்தாலும் பத்தும் பதியும்.

இனி, விசையின் உள்ளுறுப்பைக் காண்போம். சாதாரணப் பலகையில் மூடிகளின் கீழே ரப்பர்த் தாளொன்று விரிந்திருக்கும். அதன் குமிழ் முழுதும் நசுங்கினாலன்றி எழுத்து வாராது. மெக்கானிக்கல் பலகையிலோ விசைதோறும் தனித்தனிச் சுவிட்சு உண்டு. உள்ளே ஒரு சுருள்வில்லும், ஒரு தண்டும், இரண்டு உலோக இதழும் இருக்கும். இவ்வகையில் இன்று பெரிதும் வழங்குவது ஜெர்மனி நாட்டுச் செர்ரி நிறுவனத்தார் 1980-களில் வகுத்த அமைப்பேயாம். தண்டின் நிறமே அதன் குணத்திற்குப் பெயராயிற்று; பிறர் செய்யும் சுவிட்சுகளும் அந்நிறப்பெயர்களையே மேற்கொண்டுள்ளன. சிவப்பு தங்குதடையின்றி நேரே இறங்குவது. 45 சென்டிநியூட்டன் விசை, அஃதாவது ஏறக்குறைய 46 கிராம் எடை வைத்தால் அமிழும். மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். 2 மில்லிமீட்டரிலேயே எழுத்துப் பதிந்துவிடும். பழுப்பு நடுவழியில் ஒரு சிறு மேட்டை விரலுக்கு உணர்த்துவது. நீலம் அம்மேட்டோடு ‘சொடக்’ என்னும் ஓசையையும் சேர்த்துத் தருவது. செர்ரி நிறுவனத்தார் தம் சிவப்பு 10 கோடி அழுத்தம் தாங்கும் என்கின்றனர். எம் அறைத்தோழர் கணித மாணவர், நாள்தோறும் ஒரே விசையைப் பதினாயிரம் முறை அழுத்தினாலும் இருபத்தேழு ஆண்டு செல்லும் என்று உடனே கணக்கிட்டு உரைத்து, “அதற்குள் உன் தமிழ் முடிந்துவிடுமா?” என்றும் வினவினார்.

சென்னை ரிச்சித் தெருவில் ஒரு கடையில் இம்மூன்றையும் ஒரு சிறு கட்டையில் பதித்து வைத்திருந்தனர். யாம் அங்கே நெடுநேரம் நின்றோம். கடைக்காரர் பொறுமையுடையவர். நீலமே எம் செவிக்கு முதலில் இனித்தது என்பதை மறைக்கமாட்டோம். தட்டச்சுப் பயிலகத்தில் பயின்ற பழைய மாணவர்கள் அதனைக் கேட்டால் தம் இளமையை நினைவுகூர்வர். ஆயின் அறையில் எம்மோடு இருவர் உறைகின்றனர். கணிதத் தோழர் நாலு மணிக்கு எழுந்து படிப்பவர்; ஆதலின் பத்து மணிக்கெல்லாம் உறங்குபவர். நள்ளிரவில் நீலச் சுவிட்சால் ஒரு கட்டுரை எழுதுவது, அவர் தலைமாட்டில் அமர்ந்து புளியங்கொட்டையை உடைப்பதை ஒக்கும். ஆட்டத்திற்கும் நீலம் அத்துணை ஏற்றதன்று. கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் இடப்புறம் ஓடுபவன் குறி தவறாது சுடவேண்டுமாயின், வலப்புற விசையை ஒரு கணம் தட்டி உடனே நிற்றல் வேண்டும். விரல் எழுந்தவுடன் விசையும் எழுந்து விடுபட வேண்டும். நீலத்தில் பதியும் இடமும் விடுபடும் இடமும் சற்றே விலகியுள்ளன. சிவப்பில் அவை ஏறத்தாழ ஒன்றே. பழுப்பு இரண்டுங்கெட்டான் என்பது எம் கருத்து; அதனை விரும்புவோர் எம்மைப் பொறுப்பாராக. சிவப்பையே கொண்டோம்.

காந்தத்தால் இயங்கும் விசைகளும் உள. 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவினால், இதழோடு இதழ் தொடாமலே, தண்டிலுள்ள காந்தம் எத்துணைத் தாழ்ந்தது என்பதைப் பலகை அளந்தறிகின்றது. எந்த ஆழத்தில் எழுத்துப் பதியவேண்டும் என்பதை ஆடுவோனே வகுத்துக்கொள்ளலாம். அன்று கடையில் எம் கைப்பொருளுக்கு அடங்கியதாக அவ்வகை இல்லை. இதனோடு தொடர்புடைய ஒரு வழக்கையும் குறிப்போம். 2024 ஜூலையில் ரேசர் நிறுவனத்தார், எதிரெதிர்த் திசைகளுக்குரிய இரண்டு விசையும் ஒருங்கே அமிழ்ந்திருக்கும்போது பின்னர் அமிழ்ந்ததையே பலகை தானாக ஏற்குமாறு ஓர் ஏற்பாட்டைப் புகுத்தினர். யாம் மேலே கூறிய நிற்கும் பயிற்சிக்கு இனி விரல் வேண்டுவதில்லை, பலகையே செய்துவிடும். ஆகஸ்டில் வால்வு நிறுவனத்தார் தம் ஆட்டக்களத்தில் அஃது ஆகாது என்று விலக்கினர். விலக்கியது முறையே என்போம். கருவியைத் திருத்துதல் வேறு. கருவியிடம் ஆட்டத்தையே ஒப்படைத்தல் வேறு.

அளவைப்பற்றி மிகக் கூறவேண்டுவதில்லை. முழுப்பலகையில் 104 விசை. எண்பகுதியை நீக்கினால் 87. இன்னும் குறுக்கினால் 61. அறுபத்தொன்றில் அம்புக்குறி விசைகள் தனியே இல்லை. கட்டுரை திருத்துவார்க்கு அது பெருந்தொல்லை. விடுதி மேசையோ புத்தகங்களுக்கே போதாதது. 87 விசையுள்ள பலகையை நாலாயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கினோம். சுவிட்சுகளைப் பற்றவைக்காமல், பிடுங்கவும் செருகவும் இயலுமாறு அமைந்த பலகை அது. இவ்வமைப்பை ஹாட்ஸ்வாப் என்பர். பொருள் குறைந்தவர்க்கு இஃதே தக்கது. ஒரு சுவிட்சு கெட்டால் ஒன்றை மாற்றினாற் போதும்.

எஞ்சிய பணத்தில் கிரைட்டாக்ஸ் என்னும் மசகு சிறிதும், ஓவியர் பயன்படுத்தும் மெல்லிய தூரிகை ஒன்றும் வாங்கினோம். புதுச் சுவிட்சின் தண்டு தன் சுவரோடு உராய்ந்து மணல் அரைப்பதுபோல் ஒலிக்கும். ஒவ்வொன்றையும் பிரித்து, தண்டு வழுக்கும் பக்கங்களிலும் சுருள்வில்லின் இரு நுனிகளிலும் மசகைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாகப் பூசல் வேண்டும். மிகுந்தால் விசை சேற்றில் கால்வைத்தாற் போலாம். உலோக இதழில் பட்டால் எழுத்தே பதியாது போகவுங்கூடும். விசையொன்றுக்கு நான்கு நிமிடமாக 87-க்கும் ஆறுமணி நேரத்திற்குச் சிறிது குறைவு என்று தோழர் கணக்கிட்டார். உண்மையில் இரண்டு மாலையும் ஒரு காலையும் சென்றன. முதல்நாள் வேடிக்கை பார்த்திருந்த அவர், மறுநாள் தாமே வந்தமர்ந்து சுருள்வில்களை எண்ணி அடுக்கலானார். இடைவெளி விசை நீண்டதாகலின் அது சாயாதிருக்க அடியில் ஒரு கம்பி ஓடும். அதனை ஸ்டெபிலைசர் என்பர். அக்கம்பியின் முனைகள் தளர்ந்திருப்பின் பலகை முழுதும் தகரப்பெட்டிபோல் அதிரும். பல நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் சுவிட்சுகளைவிட, அம்முனைகளில் வைக்கும் ஒரு துளி மசகு ஓசையைப் பெரிதும் மாற்றுகின்றது. அன்றிரவு யாம் ஒரு பக்கம் தட்டினோம், தோழர் விழிக்கவில்லை.

நிற்க. ஒளியைப்பற்றி இன்னும் ஒன்றும் கூறவில்லை.

இப்பலகையில் விசைதோறும் அடியில் செம்மை, பசுமை, நீலம் என மூன்று நுண்விளக்குகள் உண்டு. செந்நிற விளக்கும் பச்சை விளக்கும் முன்னரே இருந்தன. நீலத்தை ஒளிரச்செய்வதே அரிதாயிருந்தது. அதனை இயற்றிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவர்க்கும் 2014-இல் பௌதிகத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. ஒவ்வொரு விளக்கையும் 256 படிநிலைகளில் வைக்கலாம். மூன்றையும் கலந்தால் 1,67,77,216 நிறங்கள். இத்துணைச் செல்வத்தைக்கொண்டு கடைக்காரர் காட்டியது, வானவில்லொன்று இடமிருந்து வலமாக ஓயாது ஓடிக்கொண்டிருக்கும் காட்சியே. விடுதி அறைகளிலும் பெரும்பாலும் அதுவே ஓடுகின்றது. அக்காட்சி எழுதுவோனுக்கு உதவுவதன்று, ஆடுவோனுக்கு உதவுவதன்று, உறங்குவோனுக்கோ பகை.

தமிழ் எழுத்துப் பொறித்த மூடிகளை இடலாமென்று முதலில் கருதினோம். பி.பி.டி. என்னும் பிளாஸ்டிக்கால் ஆகி மேலே சாயமேற்றிய மூடிகள் விரல்பட்டு எளிதில் மழுங்கா. எனினும் ஒளியை ஊடுருவ விடா. எம் பலகையோடு வந்த ஏ.பி.எஸ். மூடிகளில் எழுத்துமட்டும் ஒளிபுகுமாறு அமைந்துள்ளது. நாளடைவில் அவை நெய்ப்பட்டதுபோல் பளபளக்கும். அவ்வெழுத்துகள் உரோமன் எழுத்துகளே. அவற்றின்மேல் தமிழ் ஒட்டுத்தாள் ஒட்டினால் ஒளி மறையும். எழுத்து வேண்டுமாயின் ஒளியில்லை, ஒளி வேண்டுமாயின் எழுத்தில்லை என்று சிலநாள் நின்றோம்.

இவ்விடத்தில் தமிழ் விசையமைப்பின் வரலாறு சிறிது வேண்டும். உரோமன் விசைவரிசை, ஷோல்ஸ் என்பார் வகுத்து 1874-இல் ரெமிங்டன் நிறுவனத்தார் விற்கத் தொடங்கிய தட்டச்சுப்பொறியின் வழிவந்தது. தமிழுக்குத் தட்டச்சு வரிசை கண்டவர்களுள் யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாய் நாட்டின் பக்கம் சென்று வாழ்ந்த ஆர். முத்தையா தலைசிறந்தவர். பின்னர்க் கணினிக்கென 1999-இல் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்டது ‘தமிழ் 99’ என்னும் அமைப்பு. அதன் அழகு, எம்போன்ற இலக்கண மாணவர்க்கே முழுதும் விளங்கும். பன்னீருயிரும் இடக்கையில் நிற்கும். மெய் பதினெட்டில் வகரமும் ஙகரமும் ஒழிந்த பதினாறும் வலக்கையில் நிற்கும். இட ஆட்காட்டிவிரல் இயல்பாக அமருமிடம் புள்ளி; வல ஆட்காட்டிவிரல் அமருமிடம் பகரம். மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே வந்தமரும். ‘அக்கா’ என்பதற்கு நான்கே தட்டு. உரோமன் எழுத்தால் ஒலிபெயர்த்துத் தட்டுவார்க்கு அதுவே ஐந்தாகின்றது; ஐந்தும் ஆங்கிலத்தில் நினைத்துத் தட்டுவன.

தொல்காப்பியனார் வரும் இடம் இது. ஆட்டத்தில் ஓடுவதற்குரிய விசைகள் டபிள்யூ, ஏ, எஸ், டி என்னும் நான்கு. 1997-இல் ‘குவேக்’ ஆட்டப் போட்டியொன்றில் வென்று, அவ்வாட்டத்தை ஆக்கியோருள் ஒருவரான ஜான் கார்மக்கின் ஃபெராரி வண்டியைப் பரிசாகப் பெற்ற டென்னிஸ் ஃபாங் என்பாரின் கைவழக்கத்தால் அந்நான்கும் பெரிதும் பரவின. தமிழ் 99-இல் அவ்விசைகள் முறையே ஈ, அ, இ, உ. இவற்றுள் அ, இ, உ மூன்றும் தொல்காப்பியர் சுட்டு என்று குறித்த எழுத்துகளன்றோ! அவ்விடம், இவ்விடம், உவ்விடம் என்று திசை காட்டுதற்கே பிறந்தவை. உகரச் சுட்டு நம் பேச்சில் அருகிவிட்டது. யாழ்ப்பாணத்தார் பேச்சில் ‘உது’, ‘உவன்’ என இன்றும் வாழ்கின்றது. எம் கணினியிலோ வலப்புறம் பாயுந்தோறும் அது வாழ்கின்றது. முன்னோக்கி ஓடுதற்குரியது ஈ. ஈ, தா, கொடு என்னும் மூன்றனுள் ‘ஈ’ என்பது இழிந்தோன் உயர்ந்தோனிடம் இரக்குஞ் சொல் என்பர். மறைவின்றி நேரே ஓடுபவன் பகைவனிடம் குண்டை இரந்து நிற்கின்றான் என்று அண்ணனிடம் கூறினோம். சற்று நேரம் பேச்சில்லை. பின்னர், “டேய், சுடு முதலில்” என்றார்.

மூடியில் எழுதமுடியாததை ஒளியால் எழுதலாம் என்பது இதன்பின்னரே தோன்றியது. பலகையின் நினைவில் இரண்டு ஒளியமைப்புகளைப் பதித்து வைத்தோம். முதலாவதில் உயிர் பன்னிரண்டும் சிவப்பு; மெய் பதினெட்டும் பச்சை; புள்ளி வெண்மை. பிற விசைகள் இருண்டிருக்கும். இரண்டாவதில் ஓடும் நான்கு விசைகளும் அவற்றின் அயலில் வேண்டிய சிலவும் மட்டும் மங்கலாக ஒளிரும். இரண்டு விசையை ஒருங்கே அழுத்தினால் ஒன்று மற்றொன்றாக மாறும். ஓடுவது ஒன்றுமில்லை, மின்னுவது ஒன்றுமில்லை. பத்து மணிக்குமேல் ஒளியை மிகத் தாழ்ந்த நிலைக்குக் குறைத்துவிடுவோம். தோழரின் சுவரில் அது படுவதில்லை.

எந்த மெய் எங்கே என்று மூடியில் எழுதியிராமையால் விரலே கற்கவேண்டியதாயிற்று. எனினும் உயிரின் எல்லை இது, மெய்யின் எல்லை இது என்று நிறம் காட்டிநின்றதனால் கை வழிதவறுவது விரைவிற் குறைந்தது. வகரமும் ஙகரமும் இடக்கையின் கீழ்வரிசையில் பச்சையாய்த் துருத்திக்கொண்டு நிற்பதால் அவையிரண்டுமே முதலில் மனத்திற் பதிந்தன. மூன்று வாரத்தில் பார்க்காமல் தட்டலானோம். இக்கட்டுரை முழுதும் அவ்வாறு தட்டியதே.

முடியாத வழக்கொன்று உண்டு. ழகரம் கீழ்வரிசையின் வலக்கோடியில், சுண்டுவிரல் எட்டிப்பிடிக்கும் இடத்தில் உள்ளது. பதினெண்மெய்யுள் அதுவும் ஒன்றாதலின் பச்சையே தகும் என்பது எம் கட்சி. “தமிழ் என்ற சொல்லே அதில்தானே முடிகிறது, அதற்கு மட்டும் பொன்னிறம் வை” என்பது அண்ணன் கட்சி. சென்ற ஞாயிறு ஆட்டம் முழுதும் இவ்வழக்கே நடந்தது. 7-க்கு 13 என்று தோற்றோம்.